இடுப்பு பார்த்த இரண்டு வேலை

வெயிலுமுத்துவுக்கு எழுபத்திரண்டு வயது. அவருடைய வலது காலில் மூன்று பேர் குடியிருந்தார்கள். மேலே மூத்தவள் இடுப்பு, நடுவில் முழங்கால், கீழே கடைக்குட்டி கணுக்கால்.

அவர் மனைவி இசக்கியம்மாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வீட்டுச் சோறு தவிர வேறெதுவும் அவளுக்கு இறங்காது. தினமும் மதியம் தூக்குச்சட்டியோடு அவர் பெரிய சாலையைக் கடந்தாக வேண்டும். பச்சை விளக்கு இருபது நொடிதான் எரியும். ஒருநாள் பாதியிலேயே சிவப்பு விழுந்து, ஒரு பஸ் அவரை உரசாத குறையாக நின்றது. "இன்னொரு தடவை இப்படி நடுரோட்டுல நின்னா, நீங்க வரவே வேண்டாம்ப்பா" என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மகன் சொல்லிவிட்டான்.

அன்று மாலை முழங்கால் புலம்பியது. "தைலமெல்லாம் எனக்குத்தான் தேய்க்காரு. வலி கொறஞ்சபாடில்ல. நீ மேல இருந்து இழுக்கிற இழுப்புல நடுவுல கெடந்து அரைபடுதேன் அக்கா."

"நான் இழுக்கலைன்னா கால் எப்படி நகரும்?" என்றது இடுப்பு. "தரையை உந்தித் தள்ளுறது கணுக்கால் வேலை. பத்து வருசமா அதையும் நான்தான் பாக்கேன். அவனால முடியலை, பாவம்."

பாசத்தில் செய்ததுதான். வீட்டு மூத்தவர்கள் பலருக்கும் இந்த வியாதி உண்டு.

மறுநாள் பச்சை விழுந்தது. பாதிச் சாலை பாக்கியிருக்கும்போது விளக்கில் இன்னும் ஒன்பது நொடி என்று காட்டியது. இடுப்பு தளர்ந்துபோய்த் தடுமாறியது.

"இனி என்னால ஆகாது" என்றது. அது அப்படிச் சொன்னதே இல்லை.

கணுக்கால் தயங்கிக்கொண்டே கேட்டது. "நான் தள்ளிப் பாக்கட்டா அக்கா?"

"உன்னாலதான் முடியாதே?"

"யாரு சொன்னா? ஒருநாள் மழையில வழுக்குனேன். அதுக்கப்புறம் நான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நீ இழுத்துருவே. நான் வேண்டாம் போலன்னு சும்மா இருந்துட்டேன்."

இடுப்புக்கு வெட்கமாகப் போயிற்று. "தள்ளுலே" என்றது.

பழக்கம் விட்டுப்போனதால் முதல் அடி கோணலாக விழுந்தது. அடுத்ததில் குதிகால் எழும்பி, கட்டைவிரல் தரையை அழுத்தியது. முழங்கால் சுகமாக மடங்கிக் கொடுத்தது. விளக்கில் இரண்டு என்று காட்டும்போது வெயிலுமுத்து நடைபாதையில் ஏறிவிட்டார்.

அங்கே மகன் நின்றிருந்தான். நடுச்சாலையில் அவர் தடுமாறியது மட்டும்தான் அவன் கண்ணில் பட்டிருந்தது. பதறி வந்து தூக்குச்சட்டிக்குக் கை நீட்டினான்.

"குடுங்கப்பா. இனிமே நான் கொண்டாரேன். உங்களால முடியாது."

வெயிலுமுத்து சட்டியை விடவில்லை.

"முடியுமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாலே?"