காலில்லாத வளையனும் தவளைத் தலைவனும்

வளையனுக்கு முதலில் கெடுதல் செய்தவன் தொண்டையப்பன் என்கிற தவளைதான்.

வளையன் மண்ணுக்குள் வாழும் பிராணி. பார்த்தால் பெரிய மண்புழு என்றே தோன்றும். உள்ளே முதுகெலும்பு உண்டு, வாயில் பல் உண்டு. கால்தான் கிடையாது. குளக்கரையில் கோடையிலும் காயாத சேற்றில் அது குடியிருந்தது. தோல் காய்ந்தால் அதற்கு உயிர் போய்விடும்.

அந்தச் சேற்றின் மேல் தொண்டையப்பனுக்கு ஒரு கண். குளத்துக்குத் தலைவன் ஆனதும் ஒரு விதி போட்டது.

"கால் இல்லாதவன் நம் இனம் இல்லை. குளத்திலும் கரையிலும் அவனுக்கு இடமில்லை."

காவல்கார நண்டு வளையனை வரப்புக்கு அப்பால் தள்ளிவிட்டது. ஓர் இலைக்குவியலின் அடியில், இருக்கிற ஈரத்தை வைத்து வளையன் கோடையை ஓட்டியது. தொண்டையப்பன் சேற்றில் சுகமாகத் தூங்கியது.

மழை வந்தது. வரப்புக்கு அப்பால் இருந்த குட்டையில் தொண்டையப்பனின் பிள்ளைகள் பொரிந்தன. எல்லாம் வாலும் தலையுமாக இருந்தன. பிறகு வெயில் அடித்தது. குட்டை வற்றத் தொடங்கியது. பிள்ளைகளைக் குளத்துக்குக் கொண்டுபோக வாய்க்கால் ஒன்றுதான் வழி. அங்கே நண்டு நின்றது.

"இவர்களுக்குக் கால் எங்கே, தலைவரே?"

"முளைக்குமப்பா," என்றது தொண்டையப்பன்.

"முளைத்த பிறகு அழைத்து வாருங்கள். இல்லையென்றால் விதியை எடுத்துவிடுங்கள்."

விதியை எடுத்தால் வளையன் சேற்றுக்குத் திரும்பிவிடுமே! தொண்டையப்பன் யோசித்தது. நேராக இலைக்குவியலுக்குப் போனது.

"மச்சான், வரப்புக்கு அடியில் ஒரு துளை போட்டுக் கொடு. பிள்ளைகள் சாகப்போகின்றன."

"நான் உங்கள் இனம் இல்லையே?"

"யார் சொன்னது? உனக்கும் ஈரத் தோல், எனக்கும் ஈரத் தோல். இரண்டு பேரும் தோலாலும் மூச்சு விடுகிறோம். ஒரே குடும்பம்தானே!"

"அப்படியானால் என் சேறு?"

"வேலை முடிந்ததும் உனக்குத்தான்."

வளையன் தலையால் மண்ணை முட்டி முட்டித் துளைத்தது. பிள்ளைகள் தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு குளத்தில் விழுந்தன.

"சேறு?" என்றது வளையன்.

"பிள்ளைகளுக்குக் கால் வரட்டும், பேசுவோம்."

கால் வந்தது. வாலும் போனது. வளையன் கேட்கப் போனபோது சேறு முழுக்கக் குட்டித் தவளைகள் உட்கார்ந்திருந்தன.

"அப்பா, யார் இந்தப் புழு?" என்றது ஒன்று.

தொண்டையப்பன் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று யோசித்தது. சேறு இன்னும் வளையனுக்குக் கிடைக்கவில்லை.

காரியத்துக்காக உறவு கொண்டாடுகிறவனிடம், காரியம் முடியும் முன்பே நமக்குச் சேர வேண்டியதை வாங்கிவிட வேண்டும்.