நாற்பது பேர் சொன்ன ‘நல்லது’

டாக்டர் ஆதிமூலத்துக்கு வயது ஐம்பத்தேழு. பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம். அவருடைய குரு, அதே ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் செல்லக்கிளி. அவளுக்கு முப்பத்திரண்டுதான். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டுமே! வீறிடும் பிள்ளைக்கு அவள் ஊசி போடும் பக்குவத்தை அவரல்லவா பக்கத்தில் நின்று பார்த்தவர்!

பக்கத்து ஊரில் மணல்வாரி அம்மை பரவிவிட்டது. உப்பளக் குடியிருப்பிலோ பதினொரு பிள்ளைகளுக்குத் தடுப்பூசி பாக்கி. புதன்கிழமை முகாமுக்கு அந்தத் தாய்மார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“அத்தனையும் பொய் சிஸ்டர்!” ஒரு கட்டுத் தாளை மேசையில் போட்டார் டாக்டர். “போன மாசம் நாற்பது பேர்கிட்ட கருத்துக் கேட்டேன். இவங்களும் அதுல உண்டு. தடுப்பூசி நல்லதுன்னு ஒருத்தர் விடாம சொன்னாங்க.”

“எங்க வெச்சுக் கேட்டீங்க சார்?”

“என் ரூம்லதான்.”

“அவங்க உக்காந்திருந்தாங்களா?”

டாக்டர் யோசித்தார். “இல்லை. நின்னுக்கிட்டுதான்.”

“கோட்டைக் கழட்டிட்டு என்கூட வாங்க.”

பதினொரு தாய்மாரில் ஒருத்தி இருளாயி. அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். செல்லக்கிளி தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“போன தடவை ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி எப்படி இருந்தான் இருளாயி?”

இருளாயிக்குக் கண் கலங்கிவிட்டது. “அனலாக் கொதிச்சான் சிஸ்டர். தொடை வீங்கிப்போச்சு. நீதானே தூக்கிட்டுப் போனேன்னு வீட்ல ஆளாளுக்கு ஏசினாங்க. ஒத்தையா உக்காந்து அழுதேன்.”

“காய்ச்சல் வரும்னு சொல்லாம அனுப்பினது எங்க தப்பு. இந்தத் தடவை சாயங்காலமே மருந்தோட வந்து நிக்கிறேன். உங்க வீட்டாளுங்ககிட்டயும் நானே பேசறேன்.”

மற்ற பத்து வீடுகளிலும் அப்படியேதான். டாக்டர் ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அடுத்த புதன்கிழமை பதினொரு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். முதல் ஆள் இருளாயி! டாக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

“எப்படி சார் சாதிச்சீங்க?”

“என் குருவைக் கேட்டுச் சொல்றேன்” என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

செல்லக்கிளி குடியிருப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் மருந்துப் பாட்டில்களைப் பையில் அடுக்கியபடியே சொன்னாள்:

“ஊசி நல்லதான்னு கேட்டீங்க சார், நல்லதுன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எப்படிக் கழிஞ்சுதுன்னு கேட்டிருந்தா, அப்பவே அழுதிருப்பாங்க.”