நூறு காட்டிய பேட்டரி

தேனியில் கல்யாணத் தகவல் மையம் நடத்திய தணிகாசலத்துக்குத் தன்னை மிஞ்சிய ஆள் இல்லை என்ற நினைப்பு. அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் கடவுள் கடையையும் கொடுத்துவிடுகிறார்.

அவரிடம் வரன் விவரங்களை லேப்டாப்பில் ஏற்றும் வேலை பூங்கோதைக்கு. கரண்ட் போனால் லேப்டாப்பும் அந்த நொடியே அணைந்துவிடும். கரண்ட் வரும்வரை காத்திருந்து மிச்சத்தை முடித்து வீடு சேர்வதற்குள், அவளுடைய கைக்குழந்தை ஏங்கி அழுது தூங்கியிருக்கும்.

"பேட்டரி போயிருச்சுங்க ஐயா. புதுசு மாத்தணும்."

"நூறு சதவீதம்னு அதுவே காட்டுது. மெஷின் பொய் சொல்லுமா? நிரூபிச்சுக் காட்டு, மாத்துறேன். இல்லேன்னா வாயைத் திறக்காதே."

அந்த நேரம் பெண்ணைப் பெற்ற ஒருவர் உள்ளே வந்தார். "ஜாதகம் நூத்துக்கு நூறு பொருந்துதுங்க. பேசி முடிச்சிடலாமா?"

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜாதகத்தை மட்டும் நம்பிப் பொண்ணைக் கொடுக்காதீங்க. சொல்லாமக் கொள்ளாம மாப்பிள்ளை வீட்டு வாசல்ல போய் நில்லுங்க. லட்சணம் தானா தெரியும்."

"நல்ல வார்த்தைங்க ஐயா" என்ற பூங்கோதை, சொல்லாமல் கொள்ளாமல் சார்ஜர் வயரை உருவினாள்.

நூறு காட்டிய லேப்டாப் பொட்டென்று கண்ணை மூடியது.

வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். தணிகாசலம் இருண்ட திரையையும் பூங்கோதையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வரன் வேண்டாம்மா" என்றார் மெல்ல. "வேற பார்ப்போம்."

மறுநாள் புது பேட்டரி வந்தது. சாயங்காலம் கரண்ட் போனபோதும் லேப்டாப் விழித்திருந்தது. பூங்கோதை வீடு போய்ச் சேர்ந்தபோது குழந்தையும் விழித்திருந்தது.