பன்னிரண்டு கட்டை

தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முன்னால் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? நாமெல்லாம் மேலே சாமியைப் பார்ப்போம். அவர் மட்டும் கீழே சக்கரத்தையே பார்ப்பார். கட்டையைச் செருகிய அடுத்த மூச்சில் காலை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த வேலைக்கு ஆசான், வேலாண்டி. வயது முப்பத்தெட்டு. சீடர் பேச்சிமுத்துவுக்கோ நாற்பத்தாறு. இவர் 'ஆசானே' என்பார், அவர் 'அண்ணாச்சி' என்பார். ஆறு வருடம் பின்னால் நின்று கட்டை எடுத்துக் கொடுத்த பேச்சிமுத்துவுக்கு இந்த வருடம்தான் வலது முன்சக்கரம் கிடைத்திருந்தது.

தேருக்கு மூன்று நாள் இருக்கும்போது, பேச்சிமுத்து நொண்டிக்கொண்டே ஆசான் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. கூடவே மனைவி மாரிக்கனி.

"ஆசானே, கெண்டைக்கால் அப்பப்ப இழுத்துப் பிடிக்குது."

"எத்தன நாளா?"

"ஒரு மாசமா."

"இன்னைக்குத்தான் சொல்லுதீக."

"சொன்னா சக்கரத்த வாங்கிக்குவீகளோன்னு..."

ஆசான் குனிந்து அந்தக் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார்.

"டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தாரு. மெக்னீசியம் கம்மியாம். கீரை, கம்பு, கடலை, பயறு, தினமும் ஏதாவது சேர்க்கச் சொன்னாரு."

"சேர்த்தீகளா?"

மாரிக்கனி முந்திக்கொண்டாள். "எங்க சேர்த்தாரு? தேர் வேலைக்கு விரதமாம். நாப்பது நாளா வெள்ளச் சோறும் மோரும். கம்பங்கூழையும் முருங்கைக்கீரையையும் நானும் கோழியுந்தான் தின்னுதோம். கோழி நல்லா ஓடுது!"

பேச்சிமுத்து அவளை முறைத்துவிட்டுத் துணிப்பையை அவிழ்த்தார். உரித்த பூசணி விதை. ஒரு கிலோவுக்குக் குறையாது.

"இதுல அந்தச் சத்து நிறைய இருக்காம். தேர் அன்னைக்குக் காலையில மொத்தத்தையும் தின்னுட்டா கால் நிக்குமா, ஆசானே?"

ஆசான் எழுந்தார். "வாங்க, சரிவுக்குப் போவோம்."

மேலத்தெருச் சரிவின் உச்சியில் மணல் மூட்டை ஏற்றிய கட்டை வண்டி நின்றது. ஒத்திகைக்கு அதுதான் தேர். பக்கத்தில் பன்னிரண்டு கட்டைகள்.

"பன்னிரண்டையும் சரிவுக்குக் கீழ ஒரே இடத்துல குவிங்க. குவிச்சிட்டுத் தள்ளி நில்லுங்க."

"வண்டி நிக்குமா?"

"மொத்தமாப் போட்டா நிக்குமான்னு நீங்கதானே கேட்டீக."

ஆசான் மேலே போய்ச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல்லை உருவினார். வண்டி முதலில் அசைந்தது, அவ்வளவுதான். பாதிச் சரிவில் அச்சு அலறியது. குவியலில் மோதி, ஏறி, துள்ளியது. கட்டைகள் சிதறின. ஒன்று பேச்சிமுத்துவின் பக்கம் பறந்தது. விலகத் திரும்பினார்; கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. விழுந்தார். வண்டி அவர் பக்கமாகவே சாய்ந்து வந்தது.

மாரிக்கனிதான் ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரு முழம் தள்ளிச் சக்கரம் மணலில் புதைந்தது.

அவள் அவருடைய கால் விரல்களைப் பிடித்து மேல்நோக்கி வளைத்துக்கொண்டே இருந்தாள்.

தெருக்காரர்களைக் கூப்பிட்டு வண்டியை மறுபடி மேலே ஏற்றினார்கள். இந்த முறை ஆசானே கட்டை போட்டார். உச்சியிலிருந்தே. நாலு அடிக்கு ஒன்று. செருகினார், விலகினார். செருகினார், விலகினார். ஒவ்வொரு கட்டையிலும் வண்டி முனகியது. வேகம் மட்டும் பிடிக்கவில்லை. கடைசிக் கட்டையில் அசந்துபோன பசு மாதிரி நின்றது.

"அதே பன்னிரண்டுதான், அண்ணாச்சி."

பேச்சிமுத்து சக்கரத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். இந்த வருடத்துக்கென்று தானே செதுக்கிய புதுக்கட்டை ஒன்று அந்தப் பன்னிரண்டில் இருந்தது. நொண்டி நொண்டிப் போய் அதை எடுத்து, கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றார். பிறகு ஆசான் கையில் கொடுத்தார்.

"இந்த வருசம் நீங்க போடுங்க. நான் பின்னால நிக்கேன்."

ஆசான் வாங்கிக்கொண்டார். துணிப்பையில் கைவிட்டு ஒரு பிடி விதையை அள்ளி, பேச்சிமுத்துவின் காலியான கையில் வைத்தார். பையின் வாயை இறுக்கிக் கட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"மதியத்துக்கு வீட்டுக் கூழக் குடிங்க. மிச்சம் என்கிட்ட இருக்கட்டும். நாளைக்கும் வந்து ஒரு பிடி கேளுங்க, அண்ணாச்சி."