முதல் தண்ணீர்

மழையில் ஏரி கரை தளும்பி நின்றது. வடகரையை வெட்டினால் மிராசுதார் தில்லைநாயகத்தின் கரும்பு மூழ்கும். தென்கரையை வெட்டினால் ஊர்க் குடிசைகள் போகும். வெட்டாவிட்டால் இரண்டுமே போகும்.

“ஏரியைத் திறந்து அடைக்கிற நீர்க்கட்டி நீதானே காளத்தி, நீயே முடிவு பண்ணு. கரும்பு நனைஞ்சா உன் வேலை போச்சு. குடிசை போனா பழி உனக்கு,” என்றார் மிராசுதார், குடைக்குள் நின்றபடி.

காளத்தி மண்வெட்டியை ஊன்றி யோசித்தான். கரும்பு போனால் வெட்டுக்கூலியும் போகும். தையில் அவன் வீட்டிலும் அடுப்பு எரியாது.

“முடிவு பண்ண நான் யாருங்க? ஏரி எப்பத் திறந்தாலும் முதல் தண்ணி உங்க வயலுக்குத்தான்னு போன கோடையிலே ஊரைச் சத்தியம் பண்ண வச்சீங்களே. அதை மீறலாமுங்களா?”

கரையில் நின்ற ஊரே மிராசுதாரைப் பார்த்தது. காளத்தி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வடகரைக்கு நடந்தான்.

வடகரை உடைந்து தண்ணீர் கரும்புக்குள் பாய்ந்தபோது ஊர் சிரித்தது. காளத்தி சிரிக்கவில்லை, தன் வீட்டுத் தை மாதமும் அதோடு போவதைப் பார்த்தபடி நின்றான்.