இடக்கைச் சர்க்கரையின் வீம்பு

சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் நாக்கு அழுகட்டும். கற்பூரத்தை அணைக்கச் சொன்னாலும் அணைப்பேன்.

அந்தக் காலத்தில் புல் இல்லை, புழு இல்லை. எரிமலை அடிவாரத்தில் ஒரு வெந்நீர்க் குட்டை. அதில் சர்க்கரைகள்தான் ஊர்க்கதை பேசிக்கொண்டு கிடந்தன. பாதிப் பேர் இடக்கைக்காரிகள், பாதிப் பேர் வலக்கைக்காரிகள். அவர்களில் இடத்தி, வலத்தி என்று இருவர் இரட்டைப் பிறவிகள். முகம், நிறம், எடை எல்லாம் ஒன்றே. கண்ணாடியில் பார்த்ததுபோல் கை மட்டும் மாறியிருக்கும்.

வெயில் ஏறினால் குட்டை வற்றும். தனியாகக் கிடப்பவள் கருகித் தார்போல ஆகிவிடுவாள். கைகோத்து முறுக்கிக் கயிறானால்தான் பிழைப்பு.

ஒருநாள் குட்டை கொதித்துத் தெறித்ததில் வலத்தி முதலில் பாறைமேல் போய் விழுந்தாள். அவ்வளவுதான். அவள் வலக்கையை நீட்ட, அது பொருந்தியவர்கள் எல்லாம் பிடித்துக்கொள்ள, கயிறு வளர்ந்தது.

“நகருடி, நானும் வருகிறேன்” என்றாள் இடத்தி.

“உன் கை கோணல். முறுக்கு நிற்காது.”

இடத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கோணலா? அதை யார் அளந்து பார்த்தது? தெறித்து விழுந்ததைத் தவிர நீ என்னடி கிழித்தாய்? நான் முதலில் விழுந்திருந்தால் உன் கைதானே கோணல்!”

“விழவில்லையே!” என்று கயிறு முழுக்கச் சிரித்தது.

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. இடத்தி பாய்ந்து கயிற்றின் நுனியைப் பிடித்தாள். முறுக்கு அங்கேயே சிக்கி நின்றது. அடுத்து வந்த வலக்கைக்காரிகளுக்குப் பிடி கிடைக்கவில்லை. நூறு பேர் வெயிலில் கருகினார்கள்.

“குலத்தைக் கெடுத்தாளே பாவி!” என்று கத்திய வலத்தி, கூடப் பிறந்தவளை உதறித் தள்ளினாள்.

சூடான சேற்றில் கிடந்து இடத்தி கூவினாள்: “கேட்டுக்கொள்! உன் கயிற்றிலிருந்து நாளைக்கு மாடு வரும், மனுஷன் வருவான். என்றைக்காவது அவன் நாக்குக்கு நானும் வருவேன். உன்னைப் போலவே இனிப்பேன். ஆனால் ஒரு துளி பலம் கொடுத்தேனென்றால் என் பேர் இடத்தி இல்லை!”

சொல்லி முடிக்கும்போதே கருகிவிட்டாள்.

அன்று தொடங்கியதுதான், எல்லா உயிர்களின் மரபணுக் கயிறும் வலக்கைச் சர்க்கரையால் முறுக்கப்படுவது. ஆய்வுக்கூடத்தில் செய்த இடக்கைச் சர்க்கரையை வாயில் போட்டால் நன்றாகத் தித்திக்கும். உடம்புக்கு ஒரு பிடி பலம் தராமல் வெளியேறிவிடும். சொன்ன சொல் தவறாதவள்!

நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வலத்தி காதில் விழுந்தால் வம்பு. என் ரத்தத்தில் ஏற்கெனவே அவள் ஆட்டம் தாங்கவில்லை.