யானை மிதித்த ஒயின்

மணல்கோட்டை அரசர் இராசகம்பீரருக்கு ஒரு வருடம் ஒயின் செய்யும் ஆசை வந்தது. துறைமுகத்தில் இறங்கும் சீமைப் பீப்பாய்களைப் பார்த்து வந்த ஆசை. அரண்மனைத் தோட்டத்தில் கறுப்புத் திராட்சை பழுத்திருந்தது. சீமையில் ஆட்கள் தொட்டியில் இறங்கிக் காலால் மிதித்துச் சாறு எடுப்பார்கள் என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். அரசருடைய ஒயினைக் கண்டவர் கால் மிதிப்பதா? பட்டத்து யானையை இறக்கினார்கள்.

ஒயின் சிவப்பாகத்தான் வந்தது. சபையில் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். அமிர்தம் என்றார் வைத்தியர். புலவர் ஒரு வாய் எடுத்தவர் வாயைத் திறக்காமலே தலையை ஆட்டினார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

படைத் தலைவர், தளவாய் கஸ்தூரி ராயர், எழுந்தார்.

"அருமைநாயகம் இன்னும் குடிக்கவில்லையே, மகாராஜா."

அருமைநாயகம் அரசவையில் ஓர் ஆலோசகர். உயிர் மட்டும் சிவப்பு ஒயினில். கப்பல் வந்தால் துறைமுகத்தில் நிற்பார். சொந்தக் காசில் ஒரு கோப்பை வாங்கி, முகர்ந்து, வாயில் உருட்டி, துப்பிவிட்டு, மனதில் பட்டதை அங்கேயே உரக்கச் சொல்வார். ஊரே கூடி நின்று கேட்கும். போன மாதம் ஒரு பீப்பாயைப் பற்றி, "முதலில் நாவல்பழம், நடுவில் மிளகு, முடிவில் மாலுமியின் செருப்பு" என்றார். அது தளவாய் தன் மகள் கல்யாண விருந்துக்கு வாங்கியது. விருந்தில் ஒருவரும் தொடவில்லை.

"ஆமாம், நாயகம். நீரும் சொல்லும்" என்றார் அரசர். "மனதில் பட்டதை மட்டும் சொல்லவேண்டும். பொய் சொன்னால் நாக்கை அறுக்கச் சொல்வேன்."

"சரி, மகாராஜா."

"என் ஒயினைப் பழிப்பவன் நாக்கையும் அறுப்பதாகச் சட்டம் போட்டிருக்கிறேன்."

"இரண்டுக்கும் சேர்த்து ஒரே நாக்குதானே?"

"ஒன்றே போதும்."

தளவாய் இடுப்புக் கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அருமைநாயகம் கோப்பையை வாங்கவில்லை. "எனக்கு ஒரு வழக்கம் உண்டு, மகாராஜா. அன்றைக்கு யார் வீட்டில் சாப்பிட்டேனோ அவர் கொடுக்கும் ஒயினை அன்று சுவைப்பதில்லை. சாப்பிட்ட நன்றி நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். ருசி சரியாகத் தெரியாது."

"இன்று எங்கே சாப்பிட்டீர்?"

"உங்கள் மடைப்பள்ளியில். நேற்றும் அங்கேதான். பிறந்ததிலிருந்தே உங்கள் உப்பு. அது போக வேண்டுமானால் நான் கொஞ்ச நேரம் உங்கள் குடியாக இல்லாமல் இருக்கவேண்டும்."

"எல்லைக்குப் போய்க் குடிக்கப் போகிறீரா? நாங்கள் எல்லோரும் பின்னால் வரவேண்டுமா?"

"எல்லையை இங்கே கொண்டுவந்துவிடலாம். ஒரு பாய் அளவு நிலம் கொடுங்கள். சுவைத்து முடித்ததும் திருப்பித் தந்துவிடுகிறேன்."

அரசருக்குச் சடங்குகள் பிடிக்கும். செம்பில் தண்ணீர் வந்தது. சபை நடுவில் ஒரு பாயை விரித்து, முறைப்படி தாரை வார்த்து, அந்த நிலத்தை விட்டுக்கொடுத்தார். பறை முழங்கியது. பாயின் நான்கு மூலையிலும் காவலர்கள் வெளியே பார்த்து நிற்பதா உள்ளே பார்த்து நிற்பதா என்று கொஞ்சம் குழம்பினார்கள்.

அருமைநாயகம் துப்புவதற்கு ஒரு படிக்கத்தை எடுத்துக்கொண்டு பாயில் ஏறி உட்கார்ந்தார்.

"வாரும், அண்டை நாட்டு மன்னரே" என்றார். "என்ன கொண்டுவந்திருக்கிறீர்?"

அரசரே குனிந்து கோப்பையை எல்லை தாண்டி நீட்டினார்.

அருமைநாயகம் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடி உருட்டினார். படிக்கத்தில் துப்பினார். இன்னொரு வாய். அதையும் துப்பினார்.

"முதல் வாயில் யானை" என்றார். "இரண்டாவது வாயிலும் யானைதான். திராட்சை எங்கே என்று உள்ளே போய்த் தேடினேன். அது பயந்து ஓடிப்போயிருக்கிறது."

"பழித்துவிட்டான்!" என்று தளவாய் கத்தியை உருவிக்கொண்டு பாய்ந்தார். பாயின் விளிம்பில் காவலர்கள் தடுத்தார்கள்.

"வேற்று நாட்டுக்குள் கத்தியோடு நுழைந்தால் அது போர், தளவாய்" என்றார் அருமைநாயகம். "உங்கள் நாட்டு முறை எனக்கும் தெரியும். போர் என்றால் முதலில் எதிரியின் மாடுகளைக் கவர்ந்து போகவேண்டும்."

தளவாய் பாயை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"இங்கே மாடே இல்லை, மகாராஜா."

"தெரிகிறது" என்றார் அரசர்.

அருமைநாயகம் பாயை விட்டு இறங்கினார். குனிந்து கும்பிட்டார். "உங்கள் குடி திரும்பி வந்துவிட்டேன், மகாராஜா."

"இப்போது சொல்லும். என் ஒயின் எப்படி?"

"நான் இன்னும் குடிக்கவில்லையே. நீங்கள் கொடுத்ததை அண்டை நாட்டுக்காரன் அல்லவா குடித்தான்? அவன் ஏதோ கண்டபடி பேசியதாகக் கேள்விப்பட்டேன். எனக்கே மனது கொதிக்கிறது."

"அவன் சொன்னது உண்மையா?"

"அதை இந்த மண்ணில் நின்று யாரால் சொல்ல முடியும்?"

அரசர் கோப்பையைப் பார்த்தார். பிறகு அருமைநாயகத்தின் காதருகே வந்தார். "தினமும் ராத்திரி நான் இதைத்தான் குடிக்கிறேன், ஓய். வாய் திறக்க முடியவில்லை. சட்டம் என்னுடையதாகப் போய்விட்டது."

"அந்தப் பக்கம் இடம் இருக்கிறது, மகாராஜா."

அரசர் கிரீடத்தைக் கழற்றிக் காவலனிடம் கொடுத்தார். பாயில் ஏறினார். ஒரு வாய் குடித்தார். நீண்ட நேரம் துப்பினார்.

"யானைதான்" என்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே அந்தப் பாயை அருமைநாயகத்துக்கே நிரந்தரமாக விட்டுக்கொடுத்தார்.

அதற்குள் எல்லையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வைத்தியர் முன்னால் நின்றார். அவர் பின்னால் புலவர், வாயை மூடிக்கொண்டே. கடைசியாக வந்தவர் தளவாய். கத்தியை விளிம்பில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே நுழைந்து படிக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.